எழுத்தறிவும் கலையறிவும்: ஊவாத் தோட்டப்புற உயர்நிலைக் கல்வியின் நோக்கங்கள்

கல்வி எதனைக் கருதி வழங்கப்படுகின்றது என்னும் வினாவுக்கு விடை காணாது கல்விமுறையை ஆராய்தல் துறை அறியாது தோணி விடுதலை ஒக்கும். பாடத்திட்டங்கள் மாறலாம், பாடநூல்கள் மாறலாம், பரீட்சை முறைகளும் காலந்தோறும் மாறலாம். ஆயின், மாணாக்கர் பாடசாலையை விட்டு நீங்கும்பொழுது எத்தகைய ஆற்றலுடையவராய் நீங்குதல் வேண்டும் என்ற குறிக்கோளே ஏனையவற்றுக்கெல்லாம் அளவுகோலாய் நிற்பது. அக்குறிக்கோளிலே குறை நேருமாயின் நல்லாசிரியரும் நன்னூலும் வாய்த்த இடத்தும் பயன் குன்றும்.

இலங்கையின் உயர்நிலை வகுப்புக்களில் மொழியும் கலையும் கற்பித்தற்கென வகுக்கப்பட்ட நோக்கங்களை ஆராய்தற்கு ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்கள் தக்கதொரு களமாகும். பதுளை நகரைச் சூழ்ந்து ஹாலிஎலை, தெமோதரை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, பண்டாரவளை, அப்புத்தளை என விரியும் மலைச்சாரல்களில் வாழும் தமிழ் மக்களிடத்தே எழுத்தறிவு காலந்தாழ்த்தே சென்று சேர்ந்தது. கலையறிவோ, அவர்தம் முன்னோர் தமிழகத்தினின்றும் வந்து மலையேறிய நாளிலேயே அவர்களுடன் வந்தது. எனவே இவ்விரண்டையும் பிரித்து நோக்கும் கல்விக் கொள்கை எவ்வளவு குறையுடையது என்பது ஏனைய இடங்களினும் இங்கே தெளிவாகப் புலனாகும்.

இலங்கையின் தேசிய கல்வி ஆணைக்குழு 1991ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அவ்வாணைக்குழுவின் சிந்தனை வழியே எழுந்து, ஆசிரியர் வழிகாட்டிகளின் முகப்பில் அச்சேறிய அடிப்படைத் தேர்ச்சிகள் 7 ஆகும். தொடர்பாடல், ஆளுமை விருத்தி, சூழல், வேலை உலகுக்கு ஆயத்தமாதல், சமயமும் ஒழுகலாறும், விளையாட்டும் ஓய்வுநேரப் பயன்பாடும், கற்றலுக்குக் கற்றல் என்பன அவை. 2007ஆம் ஆண்டுமுதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த தேர்ச்சி மையப் பாடத்திட்டம் இவற்றையே அடித்தளமாகக் கொண்டது. கவனமாகக் கேட்டல், தெளிவாகப் பேசுதல், பொருளுணர்ந்து வாசித்தல், செம்மையாக எழுதுதல் ஆகிய எழுத்தறிவுத் திறன்கள் முதலாவதாகிய தொடர்பாடலுள் அடங்கின. அழகியலும் இலக்கியமும் ஆறாவதன்கண், விளையாட்டோடும் பொழுதுபோக்கோடும் சேர்த்து வைக்கப்பட்டன.

இவ்வைப்புமுறையை வகுத்தோர் கலையை இழிவாகக் கருதினர் என்றல் பொருந்தாது. மகிழ்ச்சியும் உள்ள நெகிழ்ச்சியும் ஆகிய மானிட அனுபவங்கள் கலைவழியே வெளிப்படுவதை அவர்கள் எடுத்துக் கூறவே செய்தனர். ஓய்வு என்பதும் தாழ்ந்ததன்று. மேனாட்டு மொழிகள் பலவற்றிற் பள்ளியைக் குறிக்கும் சொல்லே ஓய்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. ஆயினும், ஒரு பொருளை எங்கே வைக்கின்றோம் என்பதிலேயே அதன் மதிப்பு பாதி தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. எழுத்தறிவு கருவியாகவும் கலை ஓய்வுநேர இன்பமாகவும் வகைப்பட்ட பின்னர், நேரமும் பொருளும் ஆசிரியரும் குறைந்த பாடசாலையில் எது முதலிற் கைவிடப்படும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

மேலும், கலை ஓய்வுநேரத்துக்குரியது என்னும் கருத்தே தோட்டத்து வாழ்வுக்குப் பொருந்தாத ஒன்று. விடியற்காலையிற் பெரட்டுக்களத்துக்குச் சென்று, பகலெல்லாம் கொழுந்தெடுத்து, மாலையில் நிறுத்துக் கொடுத்து லயத்துக்குத் திரும்பிய மக்களுக்கு ஓய்வென்று ஒரு பொழுது தனித்து வாய்த்ததில்லை. அவர்களுடைய தெம்மாங்கு வேலைக்களத்திலேயே பிறந்தது. தாலாட்டுத் தொட்டிலருகே பிறந்தது. ஒப்பாரி பிணத்தருகே பிறந்தது. தப்பொலி தெய்வ வழிபாட்டுக்கும் இழவுக்கும் உரியதாய் நின்றதோடு, முற்காலத்திலே பெரட்டுத் தப்பாக ஒலித்துத் தொழிலாளரை வேலைக்கு எழுப்பும் கருவியாகவும் பயன்பட்டது. அடிக்கும் முறையின் வேறுபாட்டைச் செவியால் உணர்ந்தே நிகழ்ச்சி யாதென மக்கள் அறிந்து கொண்டனர். இது கவனமாகக் கேட்டல் அன்றி வேறென்ன? தொடர்பாடல் அன்றி வேறென்ன? ஆகவே ஏட்டில் முதலாவதாகவும் ஆறாவதாகவும் பிரிந்து நிற்பவை வாழ்க்கையில் ஒன்றாகவே இருந்தன என்பது தெளிவு.

இனி, எழுத்தறிவு இம்மக்களை அடைந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்திலுள்ள 6 வயது முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார்மீது சுமத்தியது. அதன் விளைவாகத் தோன்றியவை பெரும்பாலும் ஓராசிரியரும் ஓரறையும் கொண்ட பாடசாலைகள். எழுத்துக் கூட்டி வாசித்தலும், பெயரெழுதுதலும், சிறு கணக்கும் அவற்றின் எல்லையாயின. 1945ஆம் ஆண்டிலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டிற் பரவியபொழுதும், 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிநன்கொடை பெறும் பாடசாலைகள் அரசுடைமையானபொழுதும், தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1970களிலிருந்தே அவை படிப்படியாக அரச பாடசாலைகளாயின. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களில் எழுந்த பின்னரே மலையகப் பாடசாலைகளுக்கெனப் பயிற்றப்பட்ட ஆசிரியர் தொகுதி தொகுதியாக வெளிவரலாயினர்.

இவ்வரலாற்றின் பயனாக ஓர் எண்ணம் வேரூன்றிற்று. எழுத்தறிவு என்பது எழுதவும் வாசிக்கவும் எண்ணவும் வல்ல தொழிலாளியை ஆக்குவது, அதற்கு மேற்பட்ட இலக்கியமும் கலையும் பிறர்க்குரியவை என்பதே அது. தோட்டப் பாடசாலை இன்று தரம் 11 வரையும் தரம் 13 வரையும் வளர்ந்துள்ளது. அவ்வெண்ணம் முற்றாக நீங்கியதென்று சொல்லுதற்கில்லை. சாதாரண தரத்தில் 9 பாடங்கள் என வகுக்கப்பட்ட ஒழுங்கிலே தமிழ்மொழியும் இலக்கியமும் கட்டாய பாடமாயிற்று. சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம் ஆகியன விருப்பப் பாடத்தொகுதியொன்றுள் வைக்கப்பட்டன. விருப்பம் என்ற சொல் நகர்ப்புறப் பாடசாலைக்குப் பொருந்தும். நடன ஆசிரியரோ சங்கீத ஆசிரியரோ இல்லாத மலைப் பாடசாலையில் மாணாக்கர் தாம் விரும்பியதைத் தேர்வதில்லை. ஆசிரியர் உள்ளதைத் தேர்கின்றனர். 2025ஆம் ஆண்டிற் புதிய சீர்திருத்தம் முன்வைக்கப்பட்ட காலத்தில் வரலாற்றுக்கும் அழகியலுக்கும் உரிய இடம் யாது என்ற விவாதம் நாட்டில் எழுந்தது. எத்தனை பாடம், எத்தனை பாடவேளை என்பதைச் சுற்றியே அவ்விவாதம் பெரிதும் சுழன்றது. அப்பாடவேளையில் மாணாக்கர் எதனைச் செய்ய வல்லவராதல் வேண்டும் என்பது அதனினும் முதன்மையான வினா.

இவ்வினாவுக்கு விடைகாண மாசி மாதத்துக் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளலாம். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு மலையக மக்களின் முதன்மையான கூத்துக்களுள் ஒன்றாகிய இது, காமன் கம்பம் நடுதலோடு தொடங்கிப் பல நாட்கள் நிகழ்வது. தவத்திலிருக்கும் சிவன்மீது கணைதொடுக்குமாறு தேவர் மன்மதனை ஏவுகின்றனர். தீய குறிகளை உணர்ந்த ரதி அவனைத் தடுக்கின்றாள். இருவர்க்குமிடையே பாட்டாலாகிய நெடியதொரு தருக்கம் நிகழ்கின்றது. கடமை பெரிதா, உயிர் பெரிதா என்பதே அத்தருக்கத்தின் உட்பொருள். மன்மதன் சென்று நெற்றிக்கண் தீயில் எரிகின்றான். ரதியின் புலம்பல் கேட்டு அவன் அவள் கண்ணுக்கு மாத்திரம் புலனாகுமாறு உயிர் பெறுகின்றான். இக்கதையோடு ஒட்டி எழுந்த இலாவணி என்னும் வாதப்பாட்டிலே மன்மதன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரிந்திலன் என மறு கட்சியும் நின்று, புராணச் சான்று காட்டியும் சொல்லுக்குச் சொல் மடக்கியும் பாடுதல் மரபு.

இவ்விடத்தே கல்வி நோக்கத்தை வகுப்போர் கருதற்குரியது ஒன்றுண்டு. தரம் 10, 11 மாணாக்கரிடம் எதிர்பார்க்கப்படும் மொழித்திறன்கள் யாவை? ஒரு கருத்தை முன்வைத்தல், எதிர்க்கருத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துக் கூறல், சான்று காட்டல், மறுத்தல், முடிபு கூறல் என்பன அவை. இவற்றைப் பாட்டும் ஆட்டமுமாகத் தன் லயத்து முற்றத்திலே கண்டு வளர்ந்த பிள்ளை, பாடசாலையில் விவாதக் கட்டுரை எழுதுக என்றவுடன் திகைத்து நிற்கின்றது. திறன் இல்லாமையால் நிகழ்வதன்று இத்திகைப்பு. தான் அறிந்ததற்கும் ஏட்டில் வேண்டப்படுவதற்கும் உள்ள உறவை ஒருவரும் காட்டாமையால் நிகழ்வது. பாடசாலை அவ்வுறவைக் காட்டுவதையே தன் நோக்கமாகக் கொள்ளுமாயின் கூத்து எழுத்தறிவுக்கு வாயிலாகும். எழுத்தறிவு கூத்தைக் காக்கும் அரணாகும்.

சொல்லாட்சியிலும் இதே நிலையைக் காணலாம். தோட்டத்துப் பிள்ளையின் நாவில் வழங்கும் பெரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு, காம்பரா, அரைப்பேர் ஆகிய சொற்கள் கொச்சையென ஒதுக்கப்படுதல் வழக்கம். ஆராய்ந்து நோக்கின், அவை ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றேடு. பெரட்டு ஆங்கிலேயரின் அணிவகுப்புச் சொல்லினின்றும், காம்பரா போர்த்துக்கேயரின் அறைச் சொல்லினின்றும் வந்தவை. படைப்பயிற்சியைக் குறித்த கவாத்து என்னும் சொல் செடி வெட்டுதலையும் குறித்துக் கவ்வாத்தாக வழங்கிற்று. அணிவகுப்புச் சொல்லும் படைப்பயிற்சிச் சொல்லும் உழைப்புக் களத்திலே வந்து வழங்கிய தன்மையை ஆராயும் மாணாக்கர் தம் முன்னோர் எவ்வகை ஒழுங்கின்கீழ் வேலை செய்தனர் என்பதை வரலாற்று நூல் கூறாமலே உணர்வர். அரைப்பேர் என்பது பாதிநாட் கூலியைக் குறிக்கும். ஒருவரின் நாளுழைப்புப் பேரேட்டில் ஒரு பேராகப் பதியப்பட்ட நிலையை அச்சொல் காட்டும். செந்தமிழ்ச் சொல்லைக் கற்பிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. வீட்டுச் சொல்லை இழித்துரைத்துத்தான் அதனைக் கற்பிக்க வேண்டும் என்பதிலேதான் பிழை உளது.

எழுத்திலக்கியமும் இம்மண்ணில் இல்லாததன்று. பதுளைக்கு அண்மையிலுள்ள ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டிற் பிறந்து, தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், 'காலங்கள் சாவதில்லை' என்னும் நாவலையும் 'நாமிருக்கும் நாடே' என்னும் சிறுகதைத் தொகுதியையும் தந்தார். மலையகச் சிறுகதையின் வரலாற்றையும் எழுதினார். 2013ஆம் ஆண்டிலே தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். லயத்து ஒற்றையறை வாழ்வின் நெருக்கத்தைப் பொருளாகக் கொண்ட அவரது 'மீன்கள்' என்ற சிறுகதை, உயர்தர வகுப்பினர் தக்க வழிகாட்டலோடு கற்றற்குரியது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையால் உலகறியப்பட்டவர். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் தொகுப்பால் வாய்மொழிச் செல்வத்தை ஏட்டிலேற்றியவரும் அவரே. அவர் வழியிற் சாரல்நாடன் மலையக வாய்மொழி இலக்கியத்தையும் மாத்தளை வடிவேலன் பாரம்பரியக் கலைகளையும் ஆராய்ந்தனர். ஆகவே, கற்பித்தற்கு நூலில்லை என்னும் குறை இங்கில்லை. நூலுக்கும் நோக்கத்துக்கும் இடையே பாலம் இல்லை என்பதே குறை.

இத்தகைய பாலம் அமைத்தற்கு முன்மாதிரியும் உண்டு. ஆனந்த குமாரசாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தன் மக்களின் கலையினின்றும் மாணாக்கரை வேறாக்கும் கல்வியை வன்மையாகக் கண்டித்தார். சுவாமி விபுலானந்தர் 1947ஆம் ஆண்டில் வெளிவந்த 'யாழ்நூல்' வாயிலாக, இயலறிவும் இசையறிவும் ஒன்றையொன்று வேண்டி நிற்பதைச் செயலிற் காட்டினார். 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை ஆராய்ந்து, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினார். பாமரர் ஆட்டம் என்று கருதப்பட்டது பல்கலைக்கழக ஆய்வுக்கும் கற்றோர் அரங்குக்கும் உரியதாயிற்று. பேராதனை நிற்பதும் மலைநாட்டிலேதான். எனினும் அதனைச் சூழ்ந்த தேயிலை மலைகளின் காமன் கூத்து மட்டக்களப்புக் கூத்துப் பெற்ற கல்வி மதிப்பைப் பெறவில்லை. அம்மதிப்பைப் பெற்றுத் தருதல் உயர்நிலைப் பாடசாலையிலிருந்தே தொடங்குதல் கூடும்.

அங்ஙனமாயின், நோக்கங்களை எவ்வாறு வகுத்தல் தகும்? 'நயப்பர்', 'உணர்வர்', 'போற்றுவர்' என்றாற்போலும் சொற்களால் அமைந்த நோக்கங்கள் கேட்பதற்கு இனியவை. நயந்தனரா, உணர்ந்தனரா என்பதை ஆசிரியர் அறிய வழியின்மையால் அவை நாளடைவிலே அணிகளின் பெயரை மனனஞ் செய்தலாகச் சுருங்கிவிடுகின்றன. மாணாக்கர் செய்து காட்டக்கூடிய செயலாக நோக்கம் அமைதல் வேண்டும். அச்செயலிற் கலையும் எழுத்தும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

தரம் 6 முதல் 9 வரை கேட்டலும் பதிதலும் நோக்கமாகலாம். பாட்டியிடமோ அயலாரிடமோ ஒரு தாலாட்டைக் கேட்டு, கேட்டவாறே எழுதி, சீர் பிரித்து, பொருள் கூறும் ஆற்றல் இப்பருவத்துக்கு ஏற்றது. ஒரே பாட்டை இருவரிடம் கேட்டெழுதும்பொழுது சொல் வேறுபடுவதை மாணாக்கர் காண்பர். பாடபேதம் என்பது யாது என்பதை அவ்விடத்தே அவர்கள் அறிவர். உ. வே. சாமிநாதையர் ஏடு பல தேடி ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அருமை அதன் பின்னரே அவர்களுக்கு விளங்கும். பேச்சுவழக்குக்கும் எழுத்துவழக்குக்கும் உள்ள வேற்றுமையும் இப்பயிற்சியிலே தானே புலனாகும்.

தரம் 10, 11இல் மாற்றியமைத்தலும் ஒப்பிடுதலும் நோக்கமாகலாம். ரதி மன்மதன் தருக்கத்தை இருபக்க வாதமாக உரைநடையில் எழுதுதல், தோட்டத்து ஒப்பாரியொன்றைப் புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டோடு ஒப்பிடுதல் என்பன அத்தகையன. தந்தையையும் மலையையும் ஒருங்கே இழந்த பாரிமகளிரின் பாட்டை, மலையே வாழ்வாகவும் மலையை இழத்தலே அச்சமாகவும் கொண்ட மக்களின் பிள்ளைகள் உரையாசிரியர் துணை பெரிதும் வேண்டாமலே உணர்தல் கூடும். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையின் பின்னர் இம்மலைகளை விட்டுக் கப்பலேறியோரின் பிரிவு பல குடும்பங்களில் இன்றும் பேசப்படுவது. பழம்பாட்டும் குடும்ப நினைவும் ஒன்றையொன்று விளக்கும் இடத்தில் இலக்கியக் கல்வி உயிர் பெறுகின்றது.

தரம் 12, 13இல் மதிப்பிடுதல் நோக்கமாதல் வேண்டும். ஆபிரகாம் யோசேப்பு இயற்றி 1869ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோப்பிக் கிருஷிக் கும்மி' தோட்ட நிருவாகத்தின் சார்பில் நின்று கோப்பித் தொழிலைப் பாடுவது. தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களோ கங்காணியையும் துரையையும் எள்ளி, தம் துயரைப் பாடுவன. நாட்டார் பாடல் வடிவம் இருசாராருக்கும் பொதுவாயிருக்க, பாடுவோரின் நிலை மாறுந்தோறும் பொருள் மாறுவதை ஆராய்ந்து கட்டுரைக்கும் மாணாக்கர் திறனாய்வின் முதற்பாடத்தைக் கற்றவராவர்.

இவற்றோடு பத்திரங்களை வாசித்தறியும் ஆற்றலும் ஒவ்வொரு படியிலும் வேண்டற்பாலது. இம்மக்களின் வரலாற்றில் ஒரு தாளின் வலிமை சிறிதன்று. 1948ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஏற்றுக்கொள்ளப்பட்டோர் சுமார் 1,34,000 பேர் மாத்திரமே. சட்டம் வேண்டிய சான்றுகளைத் தாள்களாற் காட்டல் வேண்டுமென்ற நிலை பலரை வாயிலிலேயே நிறுத்தியது. ஆகவே விண்ணப்பம் எழுதுதல், சம்பளச் சிட்டையை வாசித்தல், உடன்படிக்கையின் வாசகத்தை ஆராய்தல் ஆகியன கலைக்கு மாறானவை எனக் கருதுதல் தவறு. பாட்டிலே சொல்லாது விடப்பட்டதைக் கண்டறியும் கண்ணே பத்திரத்திலே மறைக்கப்பட்டதையும் கண்டறியும்.

இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுவன மூன்று. தோட்டக் கலையைக் கற்பித்தல் மாணாக்கரைத் தோட்டத்துக்குள்ளேயே கட்டிவைக்கும் என்பது முதலாவது. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலமும் கற்று மலையினின்றும் இறங்க விழையும் பிள்ளைக்குக் கூத்து எதற்கு என்று பெற்றோர் வினவுவதில் நியாயம் உண்டு. துன்பத்தினின்றும் பிறந்த வினா அது. ஆயின், இங்கே வேண்டப்படுவது பொதுத்தரத்தைத் தாழ்த்துவதன்று. அத்தரத்துக்கு ஏறும் படியை வீட்டு வாயிலிலே அமைப்பது. கம்பனும் சங்கச் சான்றோரும் கருநாடக இசையும் பரதமும் மலைப் பாடசாலைக்கும் உரியவை. நகரத்துப் பிள்ளை பெறும் எதனையும் இப்பிள்ளை இழத்தலாகாது.

சமயச் சடங்கோடு கூடிய கூத்தை வகுப்பறைக்குக் கொணர்தல் அதன் புனிதத்தைக் கெடுக்கும் என்பதும், பல சமயத்தவர் பயிலும் இடத்தில் அது பொருந்தாது என்பதும் இரண்டாவது. நோன்பிருந்து கம்பம் நடுதல் கோயிலடிக்குரியது. அதன் பாட்டையும் தருக்கத்தையும் இலக்கியமாக ஆராய்தலே வகுப்பறைக்குரியது. தேம்பாவணியையும் சீறாப்புராணத்தையும் சமயவேறுபாடின்றிக் கற்ற தமிழ் மரபுக்கு இப்பாகுபாடு புதியதன்று.

மூன்றாவது தடையே மிக்க கவனத்துக்குரியது. தப்படித்தல் சாதியின் பெயராற் சிலர்மீது சுமத்தப்பட்ட பணியாகவும் இருந்தது. கூத்திலே ரதியாகவும் ஆடவரே ஆடி வந்தனர். இவற்றைக் கருதாது பழமையைப் போற்றுதல் கல்வியாகாது. இதற்கு விடை கலையை ஒதுக்குதலன்று. அதனை உண்மையோடு கற்பித்தலாகும். தப்பை எக்குலத்துப் பிள்ளையும் இசைக்கருவியாகப் பயில்வதும், ரதியின் வாதத்தை மாணவியரே பாடி நடிப்பதும், ஏன் முன்னர் அவ்வாறு நிகழவில்லை என்பதை ஆராய்ந்தெழுதுவதும் கற்றல் நோக்கத்துள் அடங்குதல் வேண்டும். கோயில் முற்றத்திலே எளிதில் மாறாதது பாடசாலை மண்டபத்திலே மாறுதல் கூடும்.

நோக்கம் மாறினும் பரீட்சை மாறாதாயின் பயனில்லை என்பது அனுபவமுள்ள ஆசிரியர் யாவரும் அறிந்தது. பாடலில் வரும் அணிகளைக் குறிப்பிடுக என்ற வினா நினைவாற்றலை மாத்திரமே அளக்கும். இதனைப் பாடுவார் யார், யாரை நோக்கிப் பாடுகின்றார், எதனைக் கூறாது விடுகின்றார் என்னும் வினாக்கள் சிந்தனையை அளக்கும். பாடசாலை மட்டக் கணிப்பீடு என்னும் முறை நடைமுறைக்கு வந்ததும் இத்தகைய செயல்களுக்கு இடமளித்தற்பொருட்டே. அது வெறும் புள்ளிப் பதிவாய்ச் சுருங்காது, கேட்டெழுதிய பாட்டேட்டையும் ஒப்பாய்வுக் கட்டுரையையும் மேடை வாதத்தையும் மதிப்பிடும் கருவியாதல் வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டா. தாய்மொழி ஆசிரியரே இதனைச் செய்ய வல்லவர். ஆயினும் அதனைக் காரணங்காட்டிச் சங்கீத, நடன, சித்திர ஆசிரியர்களை மலைப் பாடசாலைகளுக்கு அனுப்பாதிருத்தல் அறமாகாது.

2005ஆம் ஆண்டுமுதற் பதுளையிலே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. சூழவுள்ள தோட்டப் பாடசாலைகளின் மாணாக்கர் அதனையும் நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களையும் நோக்கிச் செல்லும் காலம் இது. அவர்கள் தம் மக்களின் வாழ்வை ஆராயும் ஆய்வாளராகச் செல்வரா, அன்றி அவ்வாழ்வை மறைத்தற்குரிய குறையாகக் கருதிச் செல்வரா என்பது உயர்நிலை வகுப்பிலேயே தீர்மானிக்கப்படுகின்றது. பத்திரத்தைப் பொருளுணர்ந்து வாசிக்கவும், பாட்டைப் பிழையின்றி ஏட்டிலேற்றவும், இரண்டையும் ஆராய்ந்து தம் கருத்தை அஞ்சாது எழுதவும் வல்ல மாணாக்கரை ஆக்குதலே ஊவாவின் உயர்நிலைக் கல்விக்கு உரிய நோக்கமாகும். எழுத்தறிவை முதலாவதிலும் கலையை ஆறாவதிலும் வைக்கும் ஏடு திருத்தப்படும் வரையும், வகுப்பறையில் இரண்டையும் ஓரிடத்தே வைத்துக் கற்பித்தல் ஆசிரியர் கையிலுள்ளது.